கூதிர்காலத்து உலாவும் மனைவாழ்க்கையும்

ஓர் ஆண்டின் பன்னிரு திங்களையும் இரண்டிரண்டாகக் கூட்டிக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அறுவகைப் பெரும்பொழுதாக வகுத்தனர் பண்டைத் தமிழர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் எனப்படும். ஆங்கிலப் பாடநூல்களில் இலையுதிர்காலம் எனப் பயிலும் பருவமும் ஏறக்குறைய இத்திங்களிலேயே வருவதாகும். கீட்ஸ் என்னும் ஆங்கிலப் புலவர் 1819-ஆம் ஆண்டில் அப்பருவத்தை விளித்துப் பாடிய பாட்டினை நம் கல்லூரி மாணவர் பலரும் படித்திருப்பர். ஆயினும் அப்பாட்டைப் படித்துவிட்டுச் சாளரத்தின் வழியே வெளியே நோக்கும் தமிழ் மாணவன் திகைப்பான். என்னை? அந்நாட்டில் அக்காலம் கனி முற்றுங் காலம். விளைவு களஞ்சியம் புகுங் காலம். இலை பழுத்து வீழுங் காலம். நம் செங்கற்பட்டுச் சீமையிலோ அக்காலம் நாற்று வேர்கொள்ளுங் காலம். வரப்புகள் பசக்குங் காலம். ஏரி நிறையுங் காலம். பெயரளவில் ஒன்றுபோற் கருதப்படும் இவ்விரு பருவங்களும் தன்மையால் முற்றும் வேறாவன.

ஆதலின் அந்நாட்டுக் குடும்பத்தார் அப்பருவத்திற் செம்மையும் பொன்மையும் பெற்ற மரச்சோலைகளைக் காணச் செல்வாராயின், நம் நாட்டுக் குடும்பத்தார் காணச் செல்லத்தக்கது நீரேயாம். இதனைக் கூறப் புகுந்த யாம், உலா என்பதனை வீட்டை மறந்து களித்திருத்தல் என்னும் பொருளிற் கொள்கின்றிலோம். வீட்டில் நாடோறும் நம் கைப்படும் பொருள் எங்கிருந்து வருகின்றது, எங்குச் செல்கின்றது என்று அதனைப் பின்பற்றிச் சென்று காண்பதே நல்லுலா. அங்ஙனம் கண்டது மறுநாள் மனைவேலையில் விளங்குவதே உலாவின் பயன். இக்கருத்தினைப் பென்னலூரில் வாழும் எம் குடும்பத்தின் வழக்கங்களைக் கொண்டு ஒருவாறு விளக்குவோம்.

ஊரும் பொழுதும்

பென்னலூர், சென்னையினின்று பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூரை அணுகும் இடத்தில் அமைந்த ஊராகும். காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சார்ந்தது. இவ்வட்டாரம் நெடுங்காலமாக இரண்டு காரணத்தாற் பெயர் பெற்றிருந்தது. ஒன்று, 1017-ஆம் ஆண்டிற் பிறந்தவரென வழங்கும் இராமாநுசரைத் தந்தது ஸ்ரீபெரும்புதூர் என்பது. மற்றொன்று, இச்சீமை ஏரிகளால் நிறைந்தது என்பது. இவ்விரண்டினோடு மூன்றாவதாகத் தொழிற்சாலைகள் வந்து சேர்ந்தன. இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998-இல் முதற் கார்கள் வெளிவந்தன. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை தொடங்கிற்று. அது 2014-இல் நின்றுபோயிற்று. 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட், நிஸான் நிறுவனங்களின் கூட்டு ஆலை திறக்கப்பெற்றது. முப்பது ஆண்டிற்கு முன்னர் மாடு மேய்ந்த மேட்டு நிலங்களில் இன்று இரவும் பகலும் விளக்கெரிகின்றது.

இனி, பொழுதின் இயல்பைக் கூறுவோம். ஆனி முதற் புரட்டாசி வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதித் தன் நீரிற் பெரும்பகுதியை அம்மலைக்கு அப்பாலே பொழிந்துவிடுதலின், மலைக்குக் கிழக்கேயுள்ள நமக்கு அதனால் வரும் மழை குறைவு. ஐப்பசியில் காற்றுத் திசை மாறுகின்றது. வங்கக் கடலினின்று ஈரம் சுமந்து வடகிழக்கிலிருந்து வருங் காற்றே நமக்கு மழைதருவது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்னும் மூன்றே மாதங்களில் வந்துவிடுகின்றது. கடலை அடுத்த நம் போன்ற பகுதிகளில் அது பாதிக்கும் மேலாம். ஓராண்டு முழுவதும் செலவிடவேண்டிய பொருளைச் சில வாரங்களில் மொத்தமாகப் பெறுபவன், அதனை வைத்துக்கொள்ளப் பேழை வேண்டுமன்றோ? அப்பேழையே ஏரி.

மனையின் நாள்

கூதிர்காலத்து வீடு மற்றைக் காலத்து வீட்டினின்றும் வேறுபட்டது. கொடியிலிட்ட துணி இரண்டு நாளாயினும் உலர்வதில்லை. உப்புச் சாடியில் உப்பு நீர்த்துப்போகின்றது. தீக்குச்சி பற்றுவதில்லை. அரிசிக் குதிரில் வண்டு சேராதிருக்க வேப்பிலை இடுகின்றனர். தலை முழுகிய பெண்டிர் சாம்பிராணிப் புகையிற் கூந்தலை உலர்த்துகின்றனர். மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் மொய்க்கின்றது. அடுப்பங்கரையில் மிளகு இரசமும் சுக்குக் காப்பியும் அவித்த வேர்க்கடலையும் உரிமை பெறுகின்றன. கார்த்திகை விளக்கீட்டிற்கு அகல்கள் கழுவி வைக்கப்பெறுகின்றன. பொரியுருண்டைக்கு வெல்லப்பாகு கிண்டப்பெறுகின்றது. இவையெல்லாம் தாய்மார்க்கு மிகுந்த உழைப்பைத் தருவன. எனினும் வீட்டாரை ஓரிடத்திற் கூட்டுவிப்பனவும் இவையே.

அங்ஙனம் கூட்டுவித்தல் இக்காலத்தில் எளிதன்று. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெருந்துன்பம் வறுமையன்று, பொழுதின்மையே எனலாம். ஷிப்டு என வழங்கும் முறைவேலை வாரந்தோறும் மாறுகின்றது. எம் வீட்டிலும் ஒரு வாரம் தந்தையார் வைகறையிற் செல்வர். மறுவாரம் பிற்பகலிற் சென்று நள்ளிரவில் மீள்வர். அதற்கடுத்த வாரம் ஊர் உறங்கும்போது உழைத்து, ஊர் விழித்திருக்கும்போது உறங்குவர். அவ்வாரங்களிற் பிள்ளைகள் பகலில் உரத்துப் பேசாது அடிமேல் அடிவைத்து நடக்கப் பழகியுள்ளனர். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், ஆறு நாளும் முகம்பாராத தந்தையும் மக்களும் இவ்வூரிற் பலர். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே எல்லாரும் ஒருங்கு உண்ணும் நாள். அந்நாளினை யாது செய்வது என்பது இக்குடும்பங்கட்கு விளையாட்டுக் கேள்வியன்று.

எம் இல்லத்தில் அந்நாளின் முற்பகல் மனைக்கும், பிற்பகல் உலாவிற்கும் உரியவை. முற்பகலில் முதல் வேலை, வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கிய நீரைக் கொட்டுதல். பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், தேங்காய்த் தொட்டி, மூடியில்லாத வாளி, குளிர்ப்பெட்டியின் பின்புறத் தட்டு ஆகிய எல்லாவற்றையும் பிள்ளைகள் தேடிச் சென்று கவிழ்ப்பர். இதனை வாரம் ஒருமுறை செய்தற்குக் காரணம் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தெளிந்த தேங்குநீரில் முட்டையிடுவது; அம்முட்டை கொசுவாகிப் பறத்தற்கு ஏறக்குறைய ஏழு முதற் பத்து நாள் செல்லும். வாரந்தோறும் நீரைக் கொட்டுவோமாயின், புழு கொசுவாதற்கு முன்னரே அழியும். கொட்டுதல் மட்டும் போதாது. கலத்தின் உட்சுவரைத் தேய்த்தும் கழுவவேண்டும். என்னை? அக்கொசுவின் முட்டை ஈரமின்றியும் பல மாதம் சுவரில் ஒட்டிக்கிடந்து, மீண்டும் நீர் பட்டவழி உயிர்பெறும். அக்கொசு பகலிற் கடிப்பது என்பதனையும் அறிதல் வேண்டும். இரவிற்கு மட்டும் கொசுவலை கட்டுவோர் பாதிக் காவலே செய்தவராவர்.

இரண்டாம் வேலை கூரைநீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்யின் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். இவ்வொரு விதியை அறிந்தாற் போதும். கூரையின் பரப்பு 50 சதுர மீட்டர், பெய்த மழை 20 மில்லிமீட்டர் எனின், கூரைமேல் விழுந்த நீர் 1,000 லிட்டர்; 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளப்பின் 66 குடத்திற்கு மேலாம். நாளிதழில் மழையளவைக் கண்டு பிள்ளைகளே இக்கணக்கைப் போடுவர். தமிழ்நாட்டிற் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேமிப்பு அமைப்பு வேண்டுமென 2003-இல் சட்டம் செய்யப்பெற்றது. ஆயினும் குழாய் அடைபட்டும் குழி மண் மூடியும் கிடக்கும் வீட்டிற் சட்டம் என்ன செய்யும்? கணக்குப் போட்ட பிள்ளை, 66 குடம் நீர் வீதியில் ஓடுதலைக் கண்டு பொறாது தானே அக்குழியைத் தூர்வாரச் சொல்லும். கட்டளையினும் கணக்கு வலிது.

நீரைப் பின்பற்றிய உலா

கூரையில் விழுந்த நீரைக் கண்டோம். அது வீட்டைவிட்டுச் சென்றபின் யாதாகின்றது என்பதை அறிய ஏரிக்கரைக்குச் செல்லுதல் வேண்டும். கூதிர்காலத்தின் முதல் உலா அதுவே. செலவு ஒன்றும் இல்லை. அவித்த கடலையும் குடிநீரும் குடையும் போதும்.

ஏரியைப் பலரும் கண்டிருப்பர்; அதன் உறுப்புக்களைப் பெயர்சொல்லி அறிந்தோர் சிலரே. மழைநீரை மேட்டு நிலத்தினின்று ஏரிக்குக் கொணர்வது வரத்துக் கால்வாய். பிறைபோல் வளைந்து நீரைத் தாங்குவது கரை. வேண்டும்போது திறந்து வயலுக்கு நீர் விடுவது மதகு. ஏரி தன் அளவிற்கு மேல் நிறைந்தவழிக் கரை உடையாதபடி மிகுநீரைத் தானே வெளிவிடுவது கலங்கல். அம்மிகுநீர் வீணாவதன்று, கால்வாய் வழியே தாழவுள்ள அடுத்த ஏரியைச் சேரும். இங்ஙனம் ஒன்றன்பின் ஒன்றாக ஏரிகள் சங்கிலிபோற் கோக்கப்பெற்றிருத்தலே இச்சீமையின் பழைய பொறிநுட்பம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் முதலிய ஏரிகளின் மிகுநீர் செம்பரம்பாக்கம் ஏரியை அடைகின்றது. செம்பரம்பாக்கத்தின் மிகுநீர் அடையாற்றில் விழுந்து, சென்னை நகரின் ஊடே சென்று, கடலிற் கலக்கின்றது.

ஒருகால் கரைமேல் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை எம் வீட்டுச் சிறுமி, “தாத்தா, ஏரி நிறைந்துவிட்டால் மீதித் தண்ணீர் எங்கே போகும்?” என்று கேட்டாள். அவர், “அடுத்த ஏரிக்குத்தான் போகும், பாப்பா. அதுவும் நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. நடுவிலே கால்வாயை அடைத்துவிட்டால் வீட்டுக்குள்ளே வரும். அடைத்தவன் வீட்டுக்கு மட்டும் வராது, அடைக்காதவன் வீட்டுக்கும் வரும்” என்றார். நீரியல் நூலின் ஓர் அதிகாரம் முழுவதையும் அவர் நான்கு சொற்றொடரிற் கூறிவிட்டார்.

அவர் கூறியதன் மெய்ம்மையை 2015-ஆம் ஆண்டு காட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் இடையறாது பெய்த பெருமழையால் அவ்வேரிக்கு நீர் பெருகிவர, வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் விடப்பெற்றது. பிள்ளைகட்கு இவ்வெண் விளங்காது. வீட்டுக் குடத்தால் அளந்து காட்டினால் விளங்கும்: ஒரு கன அடி ஏறக்குறைய 28 லிட்டர், ஆகவே அன்று வினாடிதோறும் சென்றது 54,000 குடத்திற்கு மேற்பட்ட நீர். ஆற்றங்கரை வீடுகளில் நீர் புகுந்தது; பல உயிர்கள் மாண்டன. அதற்கு நான்காண்டின் பின்னர், 2019-ஆம் ஆண்டுக் கோடையில், அதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்தது. சென்னை மக்கள் குடங்களோடு லாரிக்குக் காத்துநின்றனர். வெள்ளமும் வறட்சியும் ஒரே ஏரியின் இரு முகங்கள் என்பதனையும், இரண்டினும் நம் கூரைநீர்க்கும் நம் ஊர்க் கால்வாய்க்கும் பங்குண்டு என்பதனையும் கரைமேல் நின்று கண்ட பிள்ளை மறவாது. மேட்டுநிலத்தார் செய்வது தாழ்நிலத்தார்க்கு விளைகின்றது. பென்னலூரார் குப்பையை இடுங் கால்வாய் சென்னையார் வீட்டு வாயில்வரை செல்வது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். ஏரிகளில் மண் எடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்தபின் கண்ணிற்குத் தோன்றா. நீந்தத் தெரிந்தவரும் அவற்றில் அமிழ்ந்து மாய்ந்ததுண்டு. உலாச் செல்வோர் கரைமேல் நின்று காணலாமேயன்றி நீரில் இறங்குதல் தகாது. கலங்கலில் நீர் விரையும்போது அதனைக் கடத்தலும் தகாது.

சோற்றைப் பின்பற்றிய உலா

இரண்டாம் உலா வயலுக்கு. கூதிர்காலத்துச் சோறு உண்ணும் சிறுவன், அச்சோற்றுக்குரிய நெல் இப்போது வயலில் எந்நிலையில் உள்ளது என்று கேட்கப்பெற்றால் விழிப்பான். சம்பாப் பயிர் ஏறக்குறைய ஐந்து திங்களில் முற்றுவது, ஆவணி புரட்டாசியில் விதைத்து நட்டது ஐப்பசி கார்த்திகையிற் கிளைத்துப் பசுமைகொண்டு நிற்கும், தைத்திங்களில் அறுவடையாகும். கூதிரின் மழை அளவோடு பெய்யின் பயிர்க்கு உயிர். பல நாள் வயலில் நீர் நிற்பின் அழுகல். உழவன் இப்பருவத்தில் வானத்தைப் பார்க்கும் பார்வையில் நன்றியும் அச்சமும் கலந்திருத்தலை வரப்பில் நின்று கண்ட பிள்ளை, அதன்பின் இலையிற் சோறு மிச்சம்வைத்தலைக் குறைத்துக்கொள்ளும். இதனை யாம் எம் வீட்டிற் கண்கூடாகக் கண்டுள்ளோம்.

ஆலைகளும் வீட்டுமனைகளும் பெருகியபின் இவ்வட்டாரத்தில் வயல் குறைந்துவருகின்றது. மனைப்பிரிவுக் கற்கள் நட்ட நிலத்தினூடே ஒரு காணி மட்டும் பச்சையாய் நிற்கும் காட்சி இங்கே அரிதன்று. ஆலை வேண்டா என்பது எம் கருத்தன்று. எம் அடுப்பு எரிவதும் ஆலைக் கூலியாலேயே. ஆயினும் வயல் மறையும்போது அதற்கு நீர்தந்த மதகைக் காப்போரும் மறைகின்றனர். காப்போர் மறைந்தபின் ஏரி வெறுங் குழியாகின்றது. வயலுக்குப் பயன்படாத ஏரி குடிநீர்க்கும் வெள்ளத்தடுப்பிற்கும் பயன்படும் என்பதனை, வயல் இழந்த ஊரார் அறிந்து காத்தல் வேண்டும்.

ஊராண்மை கண்ட உலா

அங்ஙனம் காத்தல் யார் கடன்? இதற்கு விடைகாண மூன்றாம் உலாவாக எம் மாவட்டத்து உத்திரமேரூருக்குச் செல்வதுண்டு. ஆண்டு வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள், 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை, உள்ளன. அவற்றின்படி அவ்வூர் முப்பது ‘குடும்பு’களாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்பம் என்னும் சொல்லோடு இச்சொல் எத்துணை நெருங்கியது என்பதைப் பிள்ளைகளே கண்டு வியப்பர். தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஊர்க் காரியம் நடத்துவோரைத் தெரிந்தெடுத்தனர். இதுவே குடவோலை. அங்ஙனம் எடுக்கப்பெற்றோருள் அறுவர் ஏரி வாரியத்தார். ஏரியைப் பேணுதலே அவர் பணி. பணிக்காலம் 360 நாள். வயது 35-க்கு மேல் 70-க்கு உட்பட்டிருத்தல் வேண்டும். வரிசெலுத்தும் நிலமும், சொந்த மனையிற் கட்டிய வீடும் வேண்டும். முன்னர்ப் பணிசெய்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர்.

இம்முறையினை நாம் அளவிறந்து புகழவேண்டுவதில்லை. நிலமும் கல்வியும் உடைய ஒருசாரார் ஆடவர்க்கே அவ்வுரிமை இருந்தது. குடத்தைச் சுமந்த பெண்டிர் பெயர் குடத்திலிட்ட ஓலையில் இல்லை. ஆயினும், வீடுடையான் ஏரிக்கும் பொறுப்புடையான் என்னும் கருத்து ஆயிரத்து நூறு ஆண்டிற்கு முன்னரே கல்லிற் பொறிக்கப்பெற்றது என்பது நாம் மறத்தற்குரியதன்று. இன்று ஊராட்சித் தேர்தலில் நிற்கவும் வாக்களிக்கவும் ஆண் பெண் யாவரும் உரியர். கிராமசபையில் எழுந்து, எம் ஊர்க் கால்வாய் ஏன் அடைபட்டது என்று வினவவும் உரியர். உரிமை விரிந்தது, பொறுப்பு மட்டும் சுருங்குதல் முறையோ?

பறவை கண்ட உலா

நான்காம் உலா வேடந்தாங்கலுக்கு. கார்த்திகை பிறந்தபின் செல்லுதல் நலம். அங்குள்ள ஏரியில் நீர்க்கடம்ப மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்க, அவற்றின்மேல் நத்தைக்குத்தி நாரையும், அரிவாள்மூக்கனும், கரண்டிவாயனும், வக்காவும், நீர்க்காகமும் கூடமைத்துக் குஞ்சு பொரிக்கும். தாய் இரைகொணரத் தந்தை கூடுகாப்பதும், தந்தை செல்லத் தாய் காப்பதுமாகிய பறவைகளின் முறைவேலையைக் கண்டு எம் வீட்டார் நகைத்ததுண்டு. ஷிப்டு மனிதர்க்கு மட்டும் உரியதன்று போலும்!

நிற்க, அங்கே கற்கவேண்டிய பாடம் பறவையினும் ஊரார்பாற் பெரிது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவ்வூர் உழவர் நெடுங்காலத்திற்கு முன்னரே அறிந்திருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட, ஊரார் செங்கற்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டுப் பறவைகளைக் காக்கும் உரிமைச் சாசனம் பெற்றனர் என்பது வரலாறு. 1936-இல் அது பறவைக் காப்பிடமாக ஏற்கப்பெற்றது. 2022-இல் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பெற்றது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைக் காப்பிடத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டியார், பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெடியில்லாத தீபாவளியை அவ்வூர்ப் பிள்ளைகள் குறையாகக் கருதாமை, கூட்டிற் குஞ்சிருத்தலைத் தம் கண்ணாற் கண்டமையானன்றோ?

கருவியும் விருந்தினரும்

கூதிர் தொடங்குதற்குச் சற்று முன்னரோ அதன் தொடக்கத்திலோ வருவது ஆயுத பூசை. அன்று இவ்வட்டாரத்து வீடுகளில் அரிவாள்மனையும் அம்மியும் தையற்பொறியும் மிதிவண்டியும் துடைத்துப் பொட்டிடப்பெறுகின்றன. ஆலைகளிற் பொறிகளுக்கும் அவ்வாறே செய்கின்றனர். மனைக்கருவியும் ஆலைக்கருவியும் ஒரே நாளில் ஒரே வகையாகச் சிறப்பிக்கப்பெறுதல் சிந்திக்கத்தக்கது. தந்தை திருகும் திருகாணியும் தாய் திருப்பும் கரண்டியும் ஒத்த மதிப்புடையவை என்பதை அந்நாள் சொல்லாமற் சொல்கின்றது. அம்மதிப்பு மறுநாளும் நிலைபெறுமாயின், மனைவேலை பெண்டிர்க்கே உரியதென்னும் எண்ணம் தானே நீங்கும். எம் வீட்டில் இரவு முறைவேலை முடிந்த வாரத்தில் அரிசி களைந்து உலையிடுவது தந்தையார் பணி.

மற்றொன்றும் ஈண்டு நினைத்தற்குரியது. இவ்வாலைகளிற் பணிபுரியும் இளம்பெண்கள் பல்லாயிரவர் தம் பெற்றோரை வேறு மாவட்டங்களில் விட்டுவந்து விடுதிகளில் வாழ்கின்றனர். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதித் தொகுதி ஒன்று திறக்கப்பெற்றது. ஒரு நகரத்திற்குச் சமமான அம்மக்களுக்குக் கூதிர்காலத்து ஞாயிறு எவ்வாறு கழியும்? தாயின் கைச் சுக்குக் காப்பி நினைவாகவே கழியும். ஆதலின் எம் உலாக்களில் அத்தகைய பெண் ஒருத்தியை, அவள் தோழியோடு, விருந்தாக அழைத்துச் செல்வது வழக்கம். அவருள் ஒருத்தி தஞ்சைப் பக்கத்து உழவர் மகள். மதகையும் மடையையும் எம்மினும் நன்கறிந்தவள். எம் பிள்ளைகட்கு அவள் ‘அக்கா’ ஆனாள். அவர்கட்கு நாற்றின் வகைகளைக் கற்பித்தவளும் அவளே. விருந்தோம்பல் எனக் கருதிச் செய்தது எமக்கே கல்வியாயிற்று.

தடையும் விடையும்

இவற்றையெல்லாம் கேட்போர் சிலர், “பொழுது எங்கே?” என்பர். மாதம் ஒரு பிற்பகல் போதும். கூதிர் இரண்டே திங்கள். வேறு சிலர், “மழையிற் பிள்ளைகள் நனைந்தாற் காய்ச்சல் வருமே” என்பர். மழை விட்ட வெளிநேரம் பார்த்துச் செல்லலாம். டெங்குக் காய்ச்சலைத் தருவது வீட்டுத் தொட்டியிற் பிறந்த கொசுவேயன்றி ஏரிக்கரைக் காற்றன்று. இன்னுஞ் சிலர், “கைப்பேசியிலே எல்லா ஏரியையும் காணலாமே” என்பர். காணலாம், ஆயினும் கைப்பேசி காட்டும் ஏரியிற் கால்வாய் அடைபட்டிருப்பின் நம்மால் யாது செய்ய இயலும்? நம் ஊர் ஏரியாயின் ஊராட்சிக்கு ஓர் எழுத்து எழுதலாம், மண்வெட்டியும் எடுக்கலாம்.

மாணவ நண்பர்காள்! நீவிர் அடுத்த விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு வேலை செய்ம்மின். நும் வீட்டுக் கூரையின் பரப்பை அளந்து எழுதுமின். அக்கூரைநீர் எக்கால்வாயில் விழுந்து எவ்வேரியை அடைகின்றது, அவ்வேரியின் மிகுநீர் எங்கே செல்கின்றது என்று நும் பாட்டனாரையோ ஊர்ப் பெரியோரையோ வினவி, ஒரு தாளிற் கோடிட்டு வரைமின். அறியாத இடத்தை நடந்து சென்று அறிமின். தம்பி தங்கையரையும் உடன் அழைமின். அத்தாளை அடுப்பங்கரைச் சுவரில், தாய் நாடோறும் காணுமிடத்தில் ஒட்டுமின். கால்வாய் எங்கேனும் அடைபட்டிருப்பின் அவ்விடத்தைச் சிவப்பு மையாற் குறித்து, அடுத்த கிராமசபைக்கு எடுத்துச் செல்மின். கூதிர் ஆண்டுதோறும் வரும். வரும்போது அது நும் ஊரிற் கால்வாய் திறந்திருக்கக் காண்பதாக.